கொல்லனுக்கு என்ன கொண்டு போவது?

சென்ற கார்த்திகையில் ஓரிரவு ரொறன்ரோவிலிருந்து என் தங்கை அழைத்தாள். சுகம் விசாரித்து முடிந்ததும் விடயத்துக்கு வந்தாள்.

"அண்ணா, மகனுக்கு நத்தாருக்கு என்னத்த வாங்கிக் குடுக்கிற எண்டு தெரியல்ல. இப்ப புதுசா இரும்படிக்கப் பழகுறான். ஊரில பழைய பட்டடை ஒண்டு கிடைச்சா எடுத்து அனுப்புவீங்களா? காசப் பத்தி யோசிக்க வேணாம்."

மருமகனுக்கு முப்பது வயதாகிறது. கணினித் துறையில் வேலை. வார இறுதிகளில் நகருக்கு வெளியே வாடகைக்கு எடுத்த கொட்டகை ஒன்றில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து உலை மூட்டுகிறானாம். எரிவாயு உலை, தோல் மேலங்கி, கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி, நாலைந்து வகைக் குறடு எல்லாம் வாங்கிவிட்டான். நல்ல பட்டடைதான் இல்லை. அங்கே பட்டடை இறாத்தல் கணக்கில் விலை பேசப்படும் பொருள். நூறு, நூற்றைம்பது இறாத்தல் நிறையுள்ள ஒன்றை வாங்குவதென்றால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும்.

தங்கை கேட்டது எளிய உதவிதான். ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. நம்முடைய ஊர்களில் கொல்லனுக்குப் பரிசு கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. அதை எழுதிவைத்தவர் ஓர் ஆங்கிலேயர். அவர் சிறைப்பட்ட இடம் நம் கரையோரத்திலேயே இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் வந்தன. மறுநாள் அலுமாரியில் இருந்த பழைய புத்தகத்தை எடுத்தேன். இந்தப் பதிவு அதன் விளைவு.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கரையோர வீதியை அறிந்தவர்களுக்கு அந்தக் கேணிகளின் வரிசை தெரிந்திருக்கும். காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் வயலும் பற்றைக்காடும். வாகரை, கதிரவெளி, வெருகல் தாண்டிப் போனால் கொட்டியாரக் குடாவும் மூதூரும் வரும். 1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அருகே புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுதுபார்ப்பதற்காக அந்தக் கொட்டியாரத்துக்குத்தான் வந்தது. மறு ஆண்டு இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தந்தை அங்கேயே காய்ச்சலில் மடிந்தார். மகன் றொபேட் நொக்ஸ் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து, 1679 ஒக்டோபரில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்தார். 1681இல் இலண்டனில் அவருடைய நூல் அச்சாயிற்று.

அந்த நூலில் சாதிகளைப் பற்றி எழுதும் இடத்தில், கொல்லர்களைப் பற்றி நொக்ஸ் எழுதியிருப்பது ஒரு சிறுகதைக்கு ஒப்பானது. அரசனுடைய ஊர்களில் இருந்த கொல்லர்களுக்கு ஒவ்வொருவருக்கும் சில ஊர்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த ஊரவர்களுக்கு அவரைத் தவிர வேறு கொல்லன் வேலை செய்யக்கூடாது. செய்தால் செய்தவன் நட்டஈடு கட்டவேண்டும். ஆயுதங்களைச் செப்பனிடுவதற்கு ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடையில், வழக்கப்படி இவ்வளவு என்று தானியம் அளக்கப்பட்டது. புதிதாகக் கத்தியோ மண்வெட்டியோ வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கூலி. அந்த வேலைக்கு நாள் குறித்துத் தரும்படி கேட்பதற்கே கையுறை கொண்டுபோக வேண்டியிருந்தது. அரிசி, கோழி, வேறு உணவுப் பொருட்கள், அல்லது ஒரு போத்தல் சாராயம்.

நாள் குறித்தாகிவிட்டது. வேலை கேட்டவர் அன்றைக்குக் கரியையும் இரும்பையும் தாமே சுமந்துகொண்டு வரவேண்டும். கொல்லர் தம் முக்காலியில் கம்பீரமாக அமர்ந்திருப்பார். முன்னால் பட்டடை, இடப்பக்கம் உலை, வலக்கையில் சின்னச் சுத்தியல். துருத்தி ஊதுவது வந்தவர். சம்மட்டி அடிப்பதும் வந்தவர். கொல்லர் இரும்பைப் பிடித்துக்கொண்டு, இடையிடையே சின்னச் சுத்தியலால் தட்டி வடிவுக்குக் கொண்டுவருவார். அரம் போடவேண்டிய வேலை என்றால் முதலில் வந்தவர் அதைக் கல்லில் உரைத்துத் தேய்க்க வேண்டும்; கடைசியில் அவர் அரத்தால் ஒருமுறை இழுத்து முடித்துவைப்பார்.

நொக்ஸ் இதைச் சிறிது எரிச்சலோடுதான் எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம். ஓர் ஆங்கிலேய மாலுமிக்குக் காசு கொடுத்தால் வேலை நடக்கவேண்டும். இங்கே காசோடு கரியும் இரும்பும் கோழியும் உடல் உழைப்பும் சேர்த்துக் கொடுத்தும், கைகட்டி நிற்கவேண்டியிருந்தது. கொல்லர்களின் இந்தத் தோரணைக்குக் காரணம் அவர்களுக்கு இருந்த தனியுரிமை என்று அவரே சொல்லிவிடுகிறார்.

இதற்கு முன்னால் அவர் சொல்லும் இன்னொரு சம்பவமும் உண்டு. ஒருகாலத்தில் உயர்குடியினர் கொல்லர் வீட்டில் உணவருந்துவார்களாம். ஒருநாள் ஆயுதம் திருத்த வந்த உயர்குடியினர் சிலரைப் பட்டறையில் காக்கவைத்துவிட்டு ஒரு கொல்லர் சாப்பிடப் போனார். பசியில் இவர்கள் உள்ளே வந்துவிடுவார்களோ என்று அஞ்சிக் கதவையும் அடைத்துக்கொண்டார். அந்த அவமதிப்புக்காக, இனி யாரும் கொல்லர் வீட்டில் உண்ணக்கூடாது என்று தீர்மானமாயிற்றாம். சாதி இறங்கியதற்குச் சொல்லப்படும் கதைகள் எல்லாமே இப்படித்தான் இருக்கும். யாரோ ஒருவர் ஒருநாள் கதவடைத்தார், பரம்பரை முழுவதும் வெளியே நின்றது. இந்தக் கதை உண்மையில் நடந்ததோ இல்லையோ, 17ஆம் நூற்றாண்டில் மக்கள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மை.

நொக்ஸின் வாழ்க்கையில் இரும்புக்கு இன்னோர் இடமும் உண்டு. தப்பிப்பதற்கு வழி பார்க்க அவரும் தோழர் ஸ்டீபன் றட்லண்டும் ஊர் ஊராகத் திரியும் சில்லறை வியாபாரிகள் போல வேடம் பூண்டார்கள். அவர்கள் சுமந்த பொருட்களில் புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு ஆகியவற்றோடு பலவகை இரும்புச் சாமான்களும் இருந்தன. காட்டுப்புற ஊர்களில் எவரும் ஐயுறாமல் கதவு திறக்கும் வியாபாரம் அது.

கண்டி இராச்சியத்துச் சிங்களக் கொல்லர்களைப் பற்றித்தான் நொக்ஸ் எழுதினார். ஆனால் பல ஊருக்கு ஒரு கொல்லன் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதன்று. கச்சிப்பேட்டு நன்னாகையார் என்ற பெண்பாற் புலவர் பாடிய குறுந்தொகை 172ஆம் பாட்டில், பிரிவால் ஓய்வின்றித் துடிக்கும் நெஞ்சுக்கு உவமை, ஏழு ஊர்களின் வேலைக்காக ஓர் ஊரில் அமைத்த உலைத்துருத்தி. அதைக் காலால் மிதித்து ஊதினார்கள் என்பதும் அந்தப் பாட்டிலிருந்து தெரிகிறது. இரண்டாயிரம் ஆண்டு வாக்கில் பழைய ஒரு காதற்பாட்டில் இவ்வளவு பொருளாதாரச் செய்தி இருக்கிறது. புறநானூற்று 312ஆம் பாட்டில் பொன்முடியார், தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் கடமை வகுக்கும் வரிசையில் கொல்லனுக்கும் ஒரு கடமையை ஒதுக்கியிருப்பதை எல்லோரும் அறிவர். அங்கே அவனுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று பாட்டுச் சொல்லவில்லை.

மட்டக்களப்பில் அதற்கு விடை களத்தில் இருந்தது. பெரும்போக வேளாண்மை வெட்டி, சூடுவைத்து, மாடு வளைத்து மிதித்து, பொலி தூற்றி முடிந்ததும், போடியார் தம் பங்கை வீட்டுக்கு ஏற்றுவதற்கு முன்னர், கோயிலுக்கும் ஊர்த் தொழிலாளருக்கும் நெல் அளப்பது வழக்கம். வண்ணார், நாவிதர், கொல்லர் என்று அந்த வரிசை இருந்தது. களத்தில் நிற்கும்போது சாதாரண வீட்டுச் சொற்களைப் பேசக்கூடாது. நெல்லைப் பொலி என்றே சொல்லவேண்டும். அந்தப் பக்தி நிறைந்த இடத்தில்தான் கொல்லருடைய ஆண்டுக்கணக்கும் தீர்ந்தது. கொழு அடித்தது, தாக்கத்தி பல்லுவெட்டியது, மண்வெட்டிக்கு முகம் வைத்தது, கோடரி தோய்த்தது, வண்டில் சில்லுக்குப் பட்டம் போட்டது எல்லாவற்றுக்கும் சேர்த்து.

சித்திரை வருடப் பிறப்பில் கைவிசேஷம் கொடுப்பது இன்றைக்கும் நம்மிடையே உள்ள வழக்கம். பஞ்சாங்கத்தில் அதற்கு நேரம் குறித்திருப்பார்கள். பெரியவர்கள் கையால் முதற்காசு. அந்தக் கைவிசேஷம் வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடுவதில்லை. ஊர்த் தொழிலாளரும் அன்று வருவார்கள், வெற்றிலையோடு காசோ வேட்டியோ பெறுவார்கள். கண்டி நாட்டில் இது மறுபக்கமாகவும் ஓடியது. சேவைக்காக நிலம் பெற்ற கொல்லர்கள், பாக்குவெட்டி, கத்தி போன்ற சிறுபொருட்களை நிலத்துக்குரிய தலைவருக்கோ கோயிலுக்கோ காணிக்கையாகக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தார்கள். 1870ஆம் ஆண்டின் சேவை நிலவுரிமைக் கட்டளைச் சட்டம், இந்தச் சேவைகளைக் காசாக மாற்றிக்கொள்ள வழிசெய்தது. பரிசு என்று நாம் இன்று சொல்லும்போது விருப்பத்தால் கொடுப்பதை நினைக்கிறோம். அன்றைய பரிசுக்குக் கணக்கு இருந்தது. கொடுக்காமல் விட்டால் கேட்பார்கள்.

இந்த முறையை நினைத்து ஏங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. களத்தில் நெல் வாங்க வந்தவர் எங்கே நின்றார், எப்படி நின்றார், எந்தப் பெயரால் அழைக்கப்பட்டார் என்பதையும் பார்த்தவன் நான். ஆண்டு முழுவதும் உழைத்த கூலியை, தானம் வாங்குபவரைப் போல வாங்கவேண்டியிருந்தது. கொல்லருடைய மகன் படித்து எழுதுவினைஞராகவோ ஆசிரியராகவோ போனபோது அந்தக் குடும்பத்தில் எவரும் உலை அணைந்ததற்காக அழவில்லை. அழுதவர்கள் கோடரி மழுங்கிய மற்றவர்கள்தான்.

என் பிள்ளைப்பருவத்தில் பார்த்த கம்மாலை ஒன்று மனதில் அப்படியே இருக்கிறது. கிடுகு வேய்ந்த தாழ்ந்த கொட்டகை. நண்பகலிலும் உள்ளே இருட்டு. ஏன் ஒரு யன்னல் வைக்கக்கூடாது என்று கேட்டதற்கு, "வெளிச்சம் வந்தா இரும்பு பேசாது தம்பி" என்றார் அந்தக் கொல்லர். அப்போது அது விளங்கவில்லை. காய்ந்த இரும்பின் சூட்டை அளக்க அவரிடம் இருந்த ஒரே கருவி கண். கருஞ்சிவப்பு, செர்ரிச் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று நிறம் ஏறுவதை வெயிலில் பிரித்தறிய முடியாது. எஃகு ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் காந்தத்தில் ஒட்டாத நிலையை அடையும். அதற்குச் சற்று மேலே நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கண்ணாடி போலக் கடினமாகும், ஆனால் விழுந்தால் முறியும். ஆகவே மறுபடி மெல்லச் சூடேற்ற வேண்டும். மினுக்கிய விளிம்பில் 230 பாகையளவில் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு ஊதா, 300 பாகையளவில் நீலம். சவரக்கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்தவேண்டும், கோடரிக்கு அதைத் தாண்டவேண்டும், வில்லுக்கு நீலம். மருமகன் இதையெல்லாம் பாகைமானி வைத்துப் படித்திருக்கிறான். அந்தக் கொல்லர் இருட்டை வைத்துப் படித்திருந்தார்.

வண்டில் சில்லுக்குப் பட்டம் போடுவது எங்களுக்குத் திருவிழா. பட்டத்தை நிலத்தில் கிடத்தி, சுற்றிவரப் பொச்சுமட்டையும் விறகும் அடுக்கித் தீ மூட்டுவார்கள். சிவந்ததும் நாலு பேர் நீண்ட குறடுகளால் தூக்கி மரச்சில்லின்மேல் போட்டு, அடித்து இறக்கி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். புகையும் நீராவியும் எழும்ப, மரம் நெரிந்து முனகும். நாலு மீற்றர் சுற்றளவுள்ள பட்டம் 500 பாகை சூடேறினால் ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளும். குளிரும்போது அந்த இரண்டரைச் சென்ரிமீற்றர்தான் சில்லை இறுக்கிப் பிடிக்கிறது. கணக்குத் தெரியாதவர்கள் அந்த அளவை ஒரு கயிற்றால் அளந்து சரியாக வெட்டினார்கள்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளிக்குப் பிறகு அந்தக் கம்மாலையில் வாரக்கணக்கில் இரவிலும் சம்மட்டிச் சத்தம் கேட்டது. விழுந்த தென்னைகளைத் துண்டாட வேண்டியிருந்தது. கோடரிகள் வரிசையில் கிடந்தன. பிணைச்சல், கொக்கி, ஆணி என்று ஊரே அவரிடம் நின்றது. அந்த ஆண்டு அவருக்குக் களத்து நெல் கிடைத்ததா என்பது எனக்கு இப்போதுதான் தோன்றும் கேள்வி. வேளாண்மையையும் அல்லவா காற்று கொண்டுபோயிருந்தது.

கொல்லருக்கு வேண்டிய அடிப்படைப் பொருட்கள் நாலு: இரும்பு, கரி, காற்று, பட்டடை. இந்த நான்கின் வரலாற்றைச் சொன்னால் இலங்கையின் வரலாற்றில் பாதி வந்துவிடும். காற்றை எடுத்துக்கொள்வோம். சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்படும் காலத்தில் அந்த மலைச்சரிவுகளில் ஆய்வு செய்த ஜில் ஜூலெஃப், மேற்கு நோக்கிய முகடுகளில் வரிசையாக இரும்புருக்கு உலைகள் இருந்ததைக் கண்டார். தென்மேற்குப் பருவக்காற்றே அவற்றுக்குத் துருத்தி. மாதிரி உலை கட்டி உருக்கிக் காட்டிவிட்டு, 1996இல் 'நேச்சர்' ஆய்விதழில் எழுதினார். அதுவரை அறிஞர்கள் வெறும் இயற்கைக் காற்றால் அவ்வளவு உயர்ந்த சூடும் தரமான எஃகும் வராது என்று எண்ணியிருந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் இருந்த அல்கிந்தி வாள்களை வகைப்படுத்தும்போது சரந்தீப்பு எஃகைக் குறிப்பிட்டிருப்பதற்கு இப்போது ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. பலாங்கொடைப் பக்கத்தில் மூசையில் எஃகு காய்ச்சும் கைவினையின் கடைசி மூச்சை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குப் பொறுப்பாயிருந்த ஆனந்த குமாரசுவாமி நேரிற் கண்டு 1908இல் வெளியான தம் நூலில் பதிந்துவைத்தார். அவர் அன்று எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

நம் கரையில் கதிரவெளியில் கற்பதுக்கை ஈமக்குழிகள் காணப்பட்டிருப்பதைத் தொல்லியலாளர் எழுதியிருக்கிறார்கள். பெருங்கற்காலப் பண்பாடும் இரும்பும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கைகோத்து வந்தவை. தமிழகத்தில் சிவகளை மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 3345 என்று 2025 சனவரியில் அறிவித்தார்கள். அந்த எண்ணைப் பற்றிய விவாதம் அறிஞர்களுக்குரியது. எனக்கு அதைவிடப் படுவான்கரையில் இருக்கும் கொல்லநுலை என்ற ஊர்ப்பெயர் சுவையானது. பிரித்தால் கொல்லன் உலை என்று வருகிறது. பெயராய்வாளர்கள் வேறு பொருள் சொன்னால் ஏற்றுக்கொள்ளத் தயாராயிருக்கிறேன்.

பிற்காலத்தில் இந்த நாலு பொருட்களும் ஒவ்வொன்றாகக் கொல்லர் கையை விட்டு நழுவின. வெள்ளையர் ஆட்சியில் கப்பலில் வந்த இரும்பு மலிவாயிருந்தது, உள்ளூர் உலைகள் அணைந்தன. காடு அரசுக்குரியதாயிற்று, 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு கரி சுடுவதற்கு மரம் வெட்டுவது அனுமதிக்குரிய காரியம். சிரட்டைக்கரி அந்த இடத்தை நிரப்பியது. 1967இல் சோவியத் உதவியோடு ஒறுவலையில் உருக்காலை திறக்கப்பட்டபோது நாட்டுக்கே பெருமிதம். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தில் வெளிநாட்டு மண்வெட்டியும் கத்தியும் எல்லாச் சந்தைகளிலும் குவிந்தன. உழவு இயந்திரம் வந்ததும் கொழு போயிற்று. வெட்டும் இயந்திரம் வந்ததும் தாக்கத்தி போயிற்று. இடைக்காலத்தில் காட்டோரக் கொல்லர் சிலர் கட்டுத்துவக்குச் செய்து மாட்டிக்கொண்டதும் உண்டு. பன்றிக்கு வைத்தது மனிதருக்குப் பட்ட செய்திகளை எத்தனை தடவை எழுதியிருப்பேன்.

போர்க்காலத்தில் இரும்பு வெறும் இரும்பாக இருக்கவில்லை. வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்டவற்றில் சீமெந்து, பற்றரி, எரிபொருள் ஆகியவற்றோடு இரும்பும் இருந்தது. இங்கே மாங்கேணி ஓர் எல்லையாக இருந்தது. அதுவரை இராணுவம், அப்பால் புலிகளின் பகுதி. சோதனைச்சாவடியில் ஓர் அலவாங்கு கொண்டுபோகிறவரும் விளக்கம் சொல்லவேண்டும். (அலவாங்கு போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அவர்கள் கோட்டை கட்டியபோது கல் கிளப்பிய நம்மவர் வாயில் ஒட்டிக்கொண்டது போலும்.) 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006 இறுதியில் வாகரைப் பகுதி மக்கள் செல்லடியில் சிதறித் தெற்கே ஓடிவந்தார்கள். 2007 சனவரியில் வாகரை இராணுவத்தின் கையில் வந்தது. அவ்வாண்டிலேயே மீள்குடியேற்றம் தொடங்கியபோது திரும்பியவர்கள் முதலில் தேடியது கத்தியையும் மண்வெட்டியையும். வீடு இருந்த இடத்தைப் பற்றை மூடியிருந்தது.

அதன்பின் வந்தவர்கள் பழைய இரும்பு வியாபாரிகள். சிதைந்த வாகனம், உருக்குலைந்த கூரைக் குழாய், நங்கூரம் எல்லாம் நிறையிற் போயின. அவற்றோடு பட்டடைகளும் போயின. ஒரு கம்மாலையின் இதயம் கிலோ கணக்கில் தராசில் ஏறியது. விற்றவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இப்படி நாம் தராசில் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் அமெரிக்காவில் எதிர்த்திசையில் ஒன்று நடந்தது. அங்கேயும் குதிரையோடு கொல்லரும் மறைந்துகொண்டிருந்தார். 1969இல் அலெக்ஸ் பீலர் என்பவர் பழைய கொல்லர்களின் செய்முறைகளைத் திரட்டி ஒரு நூல் எழுதினார். 1973இல் வட அமெரிக்கக் கலைக் கொல்லர் சங்கம் தொடங்கியது. வழக்கறிஞரும் மருத்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் வீட்டுக் கொல்லையில் உலை மூட்டத் தொடங்கினார்கள். 2015இல் கத்தி அடிக்கும் போட்டி ஒன்று தொலைக்காட்சியில் வந்து இளைஞர்களையும் இழுத்தது. மருமகன் அந்த வழியாகத்தான் வந்தவன். வயிற்றுக்காக அல்லாமல் இரும்படிப்பவன் நம் பரம்பரையில் இவனே முதல்வன். இவன் உலை மூட்டினால் யாரும் இவனை வாசலில் நிறுத்துவதில்லை. படம் எடுத்துப் பாராட்டுகிறார்கள். எனக்கு இதில் மகிழ்ச்சியும் ஒரு கூச்சமும் சேர்ந்தே வருகின்றன. எங்கள் வீட்டுக் கோடரியைத் தோய்த்துத் தந்தவரை எங்கள் திண்ணையில் இருத்தாத குடும்பம் எங்களுடையது.

தை பிறந்து சில நாளில் மாங்கேணிப் பக்கம் போனேன். அங்கே ஒரு முதியவர் இன்னும் வேலை செய்கிறார் என்று நண்பர் சொல்லியிருந்தார். தகரக் கொட்டகை. சைக்கிள் சில்லைச் சுழற்றி விசிறியை ஓட்டும் ஊதுலை. மீனவர்களுக்கு மண்டாவும் கொக்கியும், தோட்டக்காரருக்குக் கத்தியும் அடிக்கிறார். 2022இல் எரிவாயு இல்லாமல் ஊரெல்லாம் விறகுக்குத் திரும்பியபோது கோடரி வேலை நன்றாக வந்ததாம். "நாடு கெட்டா எனக்கு நல்லம்" என்று சிரித்தார்.

பட்டடையைக் காட்டினார். கொம்பில்லாத சதுர இரும்பு, ஒரு முழம் உயரமில்லை, பாலைக்கட்டையில் இறுக்கி நிலத்தில் புதைத்தது. தகப்பன் வைத்திருந்தது. 2006இல் ஓடும்போது கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனாராம். திரும்பி வந்து இரண்டு நாள் தோண்டித்தான் கண்டுபிடித்தாராம், அடையாளத்துக்கு வைத்த முருங்கை இல்லாமற் போனதால்.

விலை கேட்க வந்தவன் நான். அதைக் கேட்ட பிறகு எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். அவரே விளங்கிக்கொண்டு, யாருக்கு என்று விசாரித்தார். சொன்னேன்.

"மருமகன் இருந்து அடிக்கிறாரா, நிண்டு அடிக்கிறாரா?"

நின்றுதான் என்றேன்.

"அப்ப இது அவருக்குச் சரிவராது ஐயா. இது இருந்து அடிக்கிறவன்ட பட்டடை. முதுகு போயிடும்."

பிறகு மருமகனிடம் விசாரித்தபோது, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி தொடும் உயரத்தில் பட்டடை இருக்கவேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னான். கிழவர் சொன்னது சரி.

நான் எழும்பப் போகும்போது அவர் தாக்கத்தி ஒன்று அடித்துத் தருவதாகச் சொன்னார். பழைய முறைத் தாக்கத்தி, பல்லு வெட்டியது. இப்போது யாரும் கேட்பதில்லை என்பதால் கை மறந்துவிடும் போலிருக்கிறதாம். "ஆனா இரும்பும் கரியும் நீங்கதான் கொண்டு வரவேணும். இங்க இருக்கிறது வேலைக்குக் காணாது."

எனக்கு நொக்ஸின் பக்கம் கண்முன் வந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாழைச்சேனையில் ஒரு திருத்துமிடத்தில் வாங்கிய லொறி வில்தகட்டுத் துண்டு ஒன்றையும் இரண்டு உரைப்பை சிரட்டைக்கரியையும் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். லொறி வில்லில் நூற்றுக்கு 0.6 பங்களவு கரிமம் இருக்கும். வெட்டும் ஆயுதத்துக்கு நல்ல எஃகு என்று மருமகன் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான். வழியில் கோழி வாங்கலாமா என்று யோசித்து, முடிவில் அரிசியும் ஒரு போத்தலும் வாங்கினேன். கிழவர் போத்தலைப் பார்த்துவிட்டு, வேலை முடியட்டும் என்று ஓரமாக வைத்தார். சைக்கிள் சில்லின் கைபிடியைக் காட்டி என்னைச் சுற்றச் சொன்னார். சம்மட்டியை அவருடைய பேரன் பிடித்தான். இரண்டு தடவை என்னிடமும் தந்து, பார்த்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டான். மூன்று மணித்தியாலம் ஆயிற்று. தோய்க்கும் நேரத்தில் வாசல் சாக்கை இழுத்து மூடச் சொன்னார். இருட்டில் விளிம்பில் ஊதா ஓடுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாக நான் நின்று பார்த்தேன்.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். சொன்ன தொகை கொழும்புக் கடைத் தாக்கத்தியின் விலையை விடக் குறைவு. கூட்டிக் கொடுத்ததை எண்ணிப் பார்த்து மிச்சத்தைத் திருப்பித் தந்தார்.

தாக்கத்தி பங்குனியில் ஊருக்கு வந்துபோன ஓர் உறவினரின் பெட்டியில் ரொறன்ரோவுக்குப் போயிற்று. மருமகன் அதை ஆராய்ந்துவிட்டு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறான்: "மாமா, பல்லு வெட்டினது தோய்க்க முன்னமா, பிறகா?" மறுபடியும் மாங்கேணிக்குப் போகவேண்டும்.